மூன்றாவதாக இறங்கும் எருமை

— அந்த எருமையை மொதல்ல எறக்குனது நீதானே?

— இன்னா சார் கேக்குறீங்க? எனக்கு ஒண்ணும் புரியல.

— புரியும். உக்காரு. இந்த சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு மணி நேரமா உனக்காகத்தான் காத்துக் கெடக்கேன். எம்பேரு வனமாமலை. இசக்கிக்கு அப்பா. நாங்குநேரி பக்கம் போலீஸ் ஏட்டா இருந்து ரிட்டயர்டு ஆனவன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீ ஷெர்லின்தானே?

— ஆமா சார். மாரிமுத்து அண்ணாதான் நீங்க பாக்கணும்னு கூப்ட்டாரு. இசக்கி... இசக்கி அண்ணாவ எனக்குத் தெரியும். போன்ல ஒண்ணா கேம் ஆடுவோம். அவ்ளோதான் சார்.

— அவ்வளவுதான். சரி. இது யார் போனு?

— அவரு போனு.

— இந்தப் போனை வச்சுத்தான் கம்பெனிக்காரன் எம்மவனை ரெண்டாந்தடவை கொல்லுதான். மிஷின்ல நிக்கும்போது இந்த ஆட்டத்தை ஆடிக்கிட்டு இருந்தானாம், கவனம் இல்லாம பிரஸ்ஸுக்குள்ள குனிஞ்சானாம். அடிபட்டது காலையில பதினொண்ணு நாப்பத்திரெண்டு. அன்னைக்குப் பதினொண்ணரைக்கு அவன் பேர்ல ஒரு ஆட்டம் தொடங்கியிருக்கு. நாப்பத்தொண்ணு வரைக்கும் கை பட்டிருக்கு. அதுக்கு மேல படல. இதைவிட என்ன சாட்சி வேணுங்கான்.

— கேட்டாண்டயே போனை வாங்கி வெச்சுனு டோக்கன் குடுத்துடுவாங்களே சார். உள்ள எட்த்துனு போவ முடியாது.

— அன்னைக்கு அவன் டோக்கன் வாங்கல. நோட்டுல கையெழுத்து இல்ல. ஆனா சாயங்காலம் ஆஸ்பத்திரில அவன் பையைத் தொறந்தா போன் இருக்கு. ஒளிச்சுக் கொண்டு போயிட்டான்னு எழுதிட்டான். நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. நான் போயித் தலையாட்டுனா, வேலை நேரத்துல வெளையாடிச் செத்த பயன்னு காலம்பூரா அந்தத் தாள்ல இருக்கும்.

— நீங்க அத நம்புறீங்களா?

— மொதல்ல நம்புனேன். ஏன் மறைக்கணும்? சின்னதுலருந்தே இந்தப் பைத்தியம் உண்டு அவனுக்கு. பொறவு இதைத் தொறந்து பாத்தேன். அவன் ஆடுன ஆட்டமெல்லாம் படம் மாதிரி பதிஞ்சு கெடக்கு. அறுவத்தோரு ஆட்டம். பதினாறு நாளா அதைத்தான் பாக்கேன். என் சர்வீஸ்ல ஒரு கேஸ் கட்டைக்கூட இப்படிப் படிச்சதில்ல.

— நீங்களா சார்? உங்களுக்கு கேம்முன்னாலே ஆவாதுன்னு அவரு சொல்லுவாரே.

— ஆகாது. இப்பவும் ஆகாது. ஆனா ஒவ்வொருத்தன் கைக்கும் ஒரு பழக்கம் உண்டு. பூட்டை ஒடைக்கிறவனுக்கே உண்டு. இந்த ஆட்டத்துல ரெண்டு பக்கமும் ஆறு ஆறு மிருகம். ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் களத்துல நிக்கும். மத்த பயலுவ வேகமா அடிக்கிறதாப் பாத்து எறக்குதான். எம்மவன் என்ன பண்ணுதான்? மொதல்ல அந்தக் குட்டிப் பாம்பு. எதிராளியைக் கடிச்சு விஷம் ஏத்திட்டு அது செத்துப் போவும். ரெண்டாவது ஒரு குருவி. எதிராளி கண்ணைக் கொத்திட்டு அதுவும் போவும். மூணாவதுதான் அந்த எருமை.

— கல்லெருமை சார்.

— அதான். அது யாரையும் அடிக்கிறதே இல்ல. குண்டா, மலை மாதிரி நிக்கும். எவ்வளவு அடி விழுந்தாலும் நிக்கும். முடியாதுன்னு ஆனா படுத்துத் தூங்கும். எந்திரிக்கும்போது காயமெல்லாம் ஆறியிருக்கும். அதுக்குள்ள ஏத்துன விஷம் எதிராளியைத் தின்னுடும்.

— கரெக்டா சொல்றீங்க. அவரு டீமையே அதச் சுத்தித்தான் கட்டுவாரு. எல்லாரும் சிரிப்பாங்க, இன்னாடா, சுறுசுறுப்பா எவ்ளோ கீது, குண்டு மாட்டப் புட்ச்சுனு அலையிறன்னு. வேகமா கீறதெல்லாம் ஒரு அடியில பூடும், இது பூடாதுன்னுவாரு. ஆனா விஷம் ஏத்தாம மட்டும் அத எறக்கவே கூடாது, அப்டி எறக்குனா சும்மா நின்னு அடி வாங்கியே செத்துப்பூடும்னு...

— ஏன் நிறுத்திட்ட? சொல்லு.

— ஒண்ணுமில்ல சார்.

— அறுவது ஆட்டத்துல எருமை மூணாவதுதான் எறங்குது. ஒரு தடவைகூட மாத்தல. தோக்கும்போதும் மாத்தல. அன்னைக்கு ஆடுன ஆட்டத்துல மட்டும் எருமை மொதல்ல எறங்குது. அது எம்மவன் கை இல்ல. வேற கை. யார் கைன்னு மாரிமுத்துட்ட கேட்டேன். எம்மவன்கூட ஒரே ரூம்ல இருந்த பயதானே. ரெண்டு நாள் முழிச்சான். மூணாவது நாள் உன் பேரைச் சொன்னான். இப்ப நீ சொல்லு.

— நான்தான் சார்.

— சத்தமாச் சொல்லு. ரயில் போற சத்தத்துல கேக்கல.

— நான்தான் ஆடுனேன். எதிர்ல எடுத்தவுடனே நெருப்புக் கோழிய எறக்கிட்டாங்க. பயந்துட்டேன். அதும் அடியத் தாங்குறது எருமைதானேன்னு அவசரத்துல எறக்கிட்டேன். ரொம்ப அடி வாங்கிடுச்சு. படுத்துத் தூங்க வெச்சுட்டு, அடுப்புல சோறு கொதிச்சுகினு இருந்துச்சு, வடிச்சுட்டு வந்துரலாம்னு போனேன். அதுக்குள்ள என் போன்ல மாரிமுத்து அண்ணா. கேட்டுலருந்து கூப்ட்டாரு. அப்புறம் நான் அந்த ஆட்டத்தப் பாக்கவே இல்ல.

— நான் பாத்தேன். நேரம் தீருற வரைக்கும் அது தூங்கிக்கிட்டேதான் கெடக்கு. அதையும் முழுசாப் பாத்தேன். சரி. போன் அவன் பைக்குள்ள எப்படிப் போச்சு?

— நான்தான் போட்டேன்.

— எங்க வச்சு?

— ஆஸ்பத்திரில. அவரு பையும் சட்டையும் மாரிமுத்து அண்ணா கைல இருந்துச்சு. போனு என்னாண்ட இருந்தா ஆயிரம் கேள்வி வரும்னு பயந்து சைடு ஜிப்ல சொருவிட்டேன். அது திரும்பி அவரு மேலயே வுழும்னு சத்தியமா தெரியாது சார்.

— அப்போ எம்மவன் தலையில இந்தப் பழியைக் கட்டுனது கம்பெனிக்காரன் இல்ல. நீதான்.

— ஆமா. அதச் சொல்லத்தான் வந்தேன். நீங்க கூப்டாங்காட்டியும் நானே வந்திருக்கணும். அன்னிக்கு உங்கள அங்க பாத்தேன் சார். மார்ச்சுவரி வாசல்ல. தண்ணி பாட்டில் வாங்கியாம்மான்னீங்க, வாங்கியாந்து குடுத்தேன்.

— நீயா அது? ஆஸ்பத்திரில வேலை பாக்குற பிள்ளைன்னுலா நெனச்சேன்.

— அப்டியே நெனச்சுக்கட்டும்னுதான் நானும் நின்னுகினு இருந்தேன்.

— பரவாயில்ல. பயந்தா யாரும் இப்படித்தான் பண்ணுவா. பயந்து பண்ணுனதை ஒத்துக்கிடுறவ கொஞ்சம்தான். நாளைக்கு விசாரணையில வந்து இதைச் சொல்லுவியா?

— சொல்றேன். எங்க வூட்ல அடிச்சுப் போட்டாலும் சொல்றேன். எங்கப்பா ஏசுவடியான், கோவக்காரு. இருந்தாலும் சொல்றேன். ஏன்னா அந்த மிஷின்ல ஒரு சென்சாரு கீது சார். கை உள்ள போனா அதுவா நின்னுடணும். பீஸு வேகமா வரணும்னு அத கட் பண்ணி வெச்சிருந்தாங்க. ஒரு வாரமா சொல்லிகினு இருந்தாரு, சூப்பர்வைசரு காதுலயே போட்டுக்கல. அவரு கேம் ஆடலன்னு ஆயிட்டா, அப்பால அந்த சென்சாரத்தான் பாத்தாவணும். இப்ப அதே மிஷின்ல மாரிமுத்து அண்ணா நிக்கிறாரு.

— அந்தப் பய எங்கிட்ட அதைச் சொல்லலியே.

— எப்டி சொல்லுவாரு? நாளைக்கும் அங்கதான் போயி நிக்கணும்.

— நல்ல பிள்ள நீ. நாளைக்கு உன் பக்கத்துல நான் நிக்கேன். ஒருத்தன் உன்னைத் தப்பா ஒரு வார்த்தை பேச முடியாது. எங்கப்பாவும் போலீஸுதான். எங்க குடும்பத்துல வேலையில கண்ணசந்தவன்னு பேரு வாங்குனவன் கெடையாது. அது எம்மவனோட தொடங்கக் கூடாது. வேற ஒண்ணும் நான் கேக்கல. சரி, அவனுவ கேள்வி கேப்பான். இப்பமே பழகிக்கோ. போனை உன்கிட்ட என்னத்துக்குக் குடுத்தான்?

— அன்னிக்கு டோர்னமெண்டு. பேரு பதிஞ்ச போன்லதான் ஆடணும். பதினொண்ணரைக்குன்னு அவங்களே டைம் குடுத்துட்டாங்க. இவரு லீவு கேட்டாரு, தரல. எனக்கு அந்த வாரம் ரெண்டாம் ஷிப்டு, வேற கம்பெனில. அதான் நீ ஆடுன்னாரு.

— எத்தனை மணிக்குக் குடுத்தான்?

— காலைல அஞ்சேகாலுக்கு.

— எங்க வச்சு? பஸ் ஸ்டாப்லயா?

— இல்ல சார்.

— அவன் ரூம் ஒரகடத்துல. அஞ்சரைக்குக் கம்பெனி பஸ். அதுக்கு முன்னால உன்கிட்ட எப்படி வந்துச்சு? இதைத்தான் மொதல்ல கேப்பான்.

— வூட்ல வெச்சு குடுத்தாரு.

— எந்த வீட்ல?

— சார்...

— அப்போலருந்து அவரு அவருன்னு சொல்லுதே. அவனை அண்ணான்னு ஒரே ஒரு தடவைதான் சொன்ன, அதுவும் தடுமாறி. நான் கவனிக்காம இல்ல. எந்த வீட்ல?

— தண்டலத்துல. ஒத்த ரூமு. எங்க வூடு. அவருக்கும் எனக்கும். தை மாசத்துலருந்து அங்கதான் கீறோம். ரெஜிஸ்டர் பண்ணிக்கினோம். மாரிமுத்து அண்ணாதான் சாட்சிக் கையெழுத்து. வடக்குப்பட்டுல எங்கம்மாவுக்கே தெரியாது, நான் ஹாஸ்டல்ல கீறேன்னு நெனச்சுனு கீறாங்க. தீபாவளிக்கு ஊருக்கு வந்து உங்க கால்ல வுழலாம்னு இருந்தோம் மாமா.

— அந்த வார்த்தையைச் சொல்லாத.

— சொல்லல.

— பஸ் ஸ்டாப்ல வச்சுக் குடுத்தான். அப்படிச் சொல்லு. கூட ஆடுற பிள்ள, போனை வாங்கிக்கிட்ட. அவ்வளவுதான்.

— அவரு தண்டலம் ஸ்டாப்புல ஏறுனாரு. பஸ்ஸு டிரைவரு தெனம் யாரு எங்க ஏறுனாங்கன்னு எழுதுவாரு. ஒரகடத்துல ரூம வெச்சுனு தண்டலத்துல ஏன் ஏறுனான்னு கேப்பாங்க.

— அப்போ மாரிமுத்து ஆடுனான்னு சொல்லச் சொல்லுதேன்.

— அவரு அதே ஷிப்டுல, அதே லைன்ல இருந்தாரு. கார்டு பஞ்ச் ஆயிகீது. ஒரு பொய்யப் புட்ச்சா மொத்தத்தையும் பொய்யின்னுடுவாங்க. நீங்க ஏட்டு. உங்களுக்குத் தெரியாததா சார்?

— தெரியும்.

— நடந்தத நடந்த மாதிரி சொன்னாத்தான் நிக்கும்.

— என் தங்கச்சி மக மாரிசெல்விக்கும் அவனுக்கும் ஆவணியில முகூர்த்தம் குறிச்சிருந்தேன். வாக்குக் குடுத்தவன் நான். எம்மவனைக் கெடத்தியிருந்தப்போ தலைமாட்டுல உக்காந்து அழுதது அவதான். ஊரே பாத்துச்சு. இப்ப வரைக்கும் பூ வைக்கல. நான் நாளைக்கு சபையில, அவனுக்குத் தண்டலத்துல ஒரு பொண்டாட்டி உண்டு, சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ளன்னு சொல்லிட்டு, ஊருக்குப் போயி அந்தப் பிள்ள மொகத்துல எப்படி முழிப்பேன்?

— நானும் அன்னிக்கு அழுதேன். மார்ச்சுவரி வாசல்ல நின்னு, வாயப் பொத்திகினு. யாருமே பாக்கல.

— பிள்ள, இதுல உன்னைக் குத்தம் சொல்லல.

— எருமைக்கு அவரு வெச்ச பேரப் பாத்தீங்களா?

— பாத்தேன். ஏட்டையான்னு போட்டிருக்கு. பெத்த அப்பனைக் கேலி பண்ணியிருக்கான்.

— கேலியில்ல சார். நானும் அப்டித்தான் நெனச்சு கேட்டேன். எங்கப்பா மேல எவ்ளோ வுழுந்தாலும் எடத்த வுட்டு நவுர மாட்டாரு, பின்னாடி நிக்கிறவங்க மேல ஒண்ணும் பட வுட மாட்டாரு, அதான் அந்தப் பேருன்னாரு. உங்களப் பத்தி பேசுனா அவரு குரலே வேற மாதிரி ஆயிடும். நாளைக்கு ஒரு நாளு அப்டி நில்லுங்க. மருமவள்னு என்ன ஊருக்குக் கூட்டினு போவ வேணாம். அப்பால உங்க கண்ணுல படவே மாட்டேன். நான் சொல்லும்போது கூட நின்னா போதும்.

— செங்கல்பட்டு போற ரயில் வந்துட்டு. நான் லாட்ஜுக்குப் போணும்.

— பத்து மணிக்கு கேட்டாண்ட நிக்கிறேன் சார்.

— வராண்டாம்.

— நீங்க கூட வரலன்னாலும் தனியா வந்து சொல்லுவேன். சர்டிபிகேட்டு என்னாண்ட கீது.

— சொல்லு. பெத்த தகப்பன் என்ன சொல்லுதான்னுதான் அவனுவ கேப்பான்.

— நீங்க இன்னா சொல்லுவீங்க?

— எம்மவன் வெளையாடிக்கிட்டேதான் செத்தான்.