நாற்பத்தேழாம் எண்ணின் இடது கண்

"ஹலோ... ஆமா, பார்வை ஆய்வுத் துறைதான்... வேதாந்த்தான் பேசறேன், சொல்லுங்க... காஞ்சிபுரமா? அடடே, எங்க ஊரு! நேத்து கண்காட்சிக்கு வந்திருந்தீங்களா?... ரொம்ப சந்தோஷம்மா. பேரு?... புவனேஸ்வரி. பிள்ளையார்பாளையம்... சரி, சரி... நோட்டீஸ்ல இருக்கிற நம்பர்தான், யார் வேணா கூப்பிடலாம். அதுக்குத்தானே போட்டோம்."

காலையிலிருந்து ஓயாமல் பாராட்டுதான். ஆராய்ச்சியை மக்களிடம் கொண்டுபோங்கள் என்று பல்கலைக்கழகம் சுற்றறிக்கை அனுப்பியது 2003இல். முதலில் கிளம்பியவன் வேதாந்த். சின்னக் காஞ்சிபுரத்துக்காரன். இரண்டு வருடங்களுக்கு முன்பு இருநூறு நெசவாளர்களின் கண்களைப் படம் எடுத்து ஆராய்ந்திருந்தான். அதைத் தன் ஊர்க் கல்யாண மண்டபத்திலேயே தட்டி தட்டியாக நிறுத்தி வைத்தான். இன்றைய பேப்பரில் அவன் படம் வந்திருந்தது. எதிர் நாற்காலியில் அவனுடைய பேராசிரியர் ஆதிகேசவன் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டாவது தட்டியா?... ஆமா, பெரிசா ஒரு கண்ணு, செவப்பா... அது கண்ணுக்கு உள்ளாற எடுத்த படம்மா. கண்ணுல பிரஷர் ஏறினா நரம்பு எப்படித் தேயுதுன்னு காட்டறோம்... படிச்சீங்களா? புரிஞ்சுதா?... அதான் வேணும்! ஜனங்களுக்குப் புரியணும்னு நாலு தரம் திருத்தி எழுதினேன்... ஆமா ஆமா, 'இந்த நிலையில் தினமும் சொட்டு மருந்து விட்டால் பார்வையைக் காப்பாற்றலாம். விடாவிட்டால் இரண்டு வருடத்தில் கண் இருண்டுவிடும், பிறகு மீளாது.' கரெக்ட்டா சொல்றீங்களே... கீழயா? நம்பர் போட்டிருக்கும். நாப்பத்தேழு. பேரெல்லாம் போடமாட்டோம்மா, அது ரகசியம்... என்ன சீட்டு?"

சோதனைக்கு வந்த ஒவ்வொருவர் கையிலும் எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்திருந்தார்கள். வாசலைத் தாண்டியதும் கசக்கிப் போட்டிருப்பார்கள் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

"உங்க வீட்டுக்காரர் சீட்டா... சிவராஜ்... இல்லம்மா, ஞாபகம் இல்ல, இருநூறு பேரு பாருங்க... ரேஷன் கார்டுக்குள்ளயே வெச்சிருந்தாரா?... ம்... ம்... ஒரு வருஷமா மங்கலாவா?... கண்ணாடிக் கடையில என்ன சொன்னான்?... ரெண்டு தரம் மாத்தினீங்களா... இப்ப? இடது கண்ணு ஆடிக்கு அப்புறம் சுத்தமாவா? வெளிச்சம்கூடத் தெரியலையா?"

வேதாந்த் பேனாவைக் கீழே வைத்தான்.

"நேத்து அவரும் வந்தாரா... தன்னோட நம்பர் எங்கன்னு தேடினாரா... யாரு படிச்சுச் சொன்னது? நீங்களா... சத்தமாவா... அம்மா, அழாதீங்க. அம்மா... இருங்க, கேளுங்க..."

பேப்பர் தாழ்ந்தது. ஆதிகேசவனின் கண்கள் அதற்கு மேலாக அவனைப் பார்த்தன.

"படம் எடுத்த அன்னிக்கு எங்களுக்கே தெரியாதும்மா, சத்தியமா. வெளியூர் டாக்டருக்கு அனுப்பினோம், அவர் பார்த்து லிஸ்ட் அனுப்பினார்... ஆறு மாசம் கழிச்சு... ஆமா. அப்ப தெரியும்... ஆமாம்மா, ஒண்ணரை வருஷமாத் தெரியும்... இல்ல இல்ல, மறைக்கல! நாங்க ஏன் மறைக்கணும்? டாக்டர் சொல்லிடுவாருன்னு நாங்க இருந்துட்டோம், நாங்க சொல்லிடுவோம்னு அவரு... அட்ரஸா? இருந்தது... இருந்ததும்மா..."

பேராசிரியர் எழுந்து வந்தார். பேப்பரின் ஓரத்தில் இரண்டு வார்த்தை எழுதி அவன் முன்னால் நகர்த்தினார். 'எதையும் ஒப்புக்கொள்ளாதே.' அடுத்த மாதம் வேதாந்துக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. அதை அவர் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை.

"இதப் பாருங்கம்மா. நான் பேசறதக் கேளுங்க. இது வைத்தியம் இல்ல, ஆராய்ச்சி. உங்க வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காரு... இங்கிலீஷ்ல இருந்தா என்ன? யாராவது படிச்சுக் காட்டியிருப்பாங்க... கண்ணு மங்குதுன்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும், கண்ணாடிக் கடைக்கு ஏன் போனீங்க? அவருக்குத்தான் தெரியல, நீங்க நாலு எழுத்து படிச்சவங்கதானே? கட்டின புருஷனுக்குக் கண்ணு போறவரைக்கும் நீங்க என்ன பண்ணிக்கினு இருந்தீங்க?"

அவ்வளவு நேரம் இடைவிடாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவள் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு அழுவது கேட்டது. வேதாந்துக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக ஆறுதலாகவும் இருந்தது.

"ஹலோ... ஹலோ?... யாரு?... சிவராஜா? சொல்லுங்கப்பா... ஐயோ, அதெல்லாம் பரவால்ல, ஏதோ வேதனையில பேசிட்டாங்க. நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க... ம்... ம்... போனது போச்சுன்னு நீங்களே சொல்றீங்களே, பெரிய மனசுப்பா உங்களுக்கு... என்ன?... வலது கண்ணா?... இருங்க. பார்த்துச் சொல்றேன்."

கோப்பு மேசையிலேயே இருந்தது. நாற்பத்தேழாவது வரியில் அவன் விரல் நின்றது. இடது கண்ணுக்கு எதிரே 'முற்றும் நிலை'. வலது கண்ணுக்கு எதிரே, இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியிலேயே, 'ஆரம்பம்'. இடது கண் படம்தான் பளிச்சென்று விழுந்திருந்தது. அதனால் தட்டியில் அது ஏறியது, இது ஏறவில்லை.

அவன் கோப்பைப் பேராசிரியர் பக்கம் திருப்பினான். அவர் குனிந்து படித்தார். நிமிர்ந்தார். மெதுவாகத் தலையை இடவலமாக ஆட்டினார்.

"பார்த்துக்கினே இருக்கேன்பா... லைன்லதான் இருக்கேன்... வந்து... வலது கண்ணுக்கு இங்க ஒண்ணும் எழுதல... ஆமா... எழுதலன்னா நல்லா இருக்குதுன்னுதான் அர்த்தம்... ஆமாம்பா, பயப்படாதீங்க... டாக்டரா? காட்டுங்க, காட்டறதுல தப்பே இல்ல. சௌகரியப்படும்போது காட்டுங்க... அவசரமா? சேச்சே, அவசரம்லாம் ஒண்ணும் இல்ல... கல்யாணப் புடவையா? எப்பத் தரணும்?... தையிலயா? அப்ப அதை முடிச்சுக் குடுத்துட்டே போங்க... ஒரு கண்ணு போதும்பா. தாராளமாப் போதும்."

தன் குரல் இவ்வளவு இதமாக வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

"எனக்கு எதுக்குப்பா நன்றி?... கும்பிடறேன்லாம் சொல்லாதீங்க, நீங்க வயசுல பெரியவர்... இல்ல இல்ல, நான் ஒண்ணும் பண்ணல... அவங்களையும் தேத்துங்க. நெஞ்சு லேசாச்சா? நல்லது, நல்லது... சரி, வெச்சிடுங்க... நீங்க வைங்க... இல்லப்பா, நீங்களே வைங்க."

யாரும் வைக்கவில்லை. படித்தவர் இணைப்பில் இருக்கும்போது தான் முந்திக்கொண்டு வைப்பது மரியாதை இல்லை என்று சிவராஜ் ரிசீவரைக் காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு கேட்டது. தள்ளி எங்கோ புவனேஸ்வரி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. 'இன்றைக்கே போங்கள்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடி. அந்த நொடியை மறுமுனையில் அவர் அவனுக்காக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"சிவராஜ்..."

உடனே பதில் வந்தது.

"...ஒண்ணும் இல்லப்பா. சும்மாதான் கூப்பிட்டேன்."

வேதாந்தே போனை வைத்தான்.