எய்டனை நிறுத்திய இடம்

ஒரு பாட்டில் எல்லோரையும் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கூட்ட நேரத்து எம்ஆர்டி ரயில் மாதிரி இடித்துக்கொண்டு, யார் குரலும் தெளிவாக வராது. கிட்டாரை இடது ஸ்பீக்கர் பக்கம் கொஞ்சம் தள்ளுவேன், தபேலாவை வலது பக்கம். சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையின் மாடியில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்து, இருபது வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

போன வருஷம் எங்கள் பங்கு ஆலயப் பாடகர் குழுவின் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தேன். ஆளுக்கொரு மைக், ஒவ்வொரு குரலும் தனித்தனியாகப் பதிவாகும். எல்லோரும் சேர்ந்து பாடினாலும் எய்டனின் குரல்தான் மேலே நின்றது. எய்டன் என் மனைவி ரூபிக்கும் அவள் முதல் கணவர் வேய்னுக்கும் பிறந்தவன். வேய்ன் இறந்து, பையனுக்கு எட்டு வயதானபோது நான் அந்த வீட்டுக்குள் வந்தேன். பதிவு முடிந்த ஒன்பதாம் நாள் கிராஞ்சிப் பக்கம் மோட்டார் சைக்கிள் விபத்தில் எய்டன் போய்விட்டான். இருபது வயது.

ரூபி சாப்பாட்டைத் தொடவில்லை. "அவன் பாடினதைக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

நான் இரண்டு பிரதி செய்தேன். குழுவுக்குக் கொடுத்ததில் எய்டன் நடுவில் இருக்கிறான். ரூபியின் போனில் ஏற்றியதில் அவன் முழுக்க வலப்பக்கம் இருக்கிறான், இடப்பக்கம் துளியும் இல்லை. ரூபிக்குச் சிறுவயதில் பொன்னுக்கு வீங்கி வந்து வலது காது கேட்காமல் போயிருந்தது.

அவள் துக்கம் ஆறட்டும் என்றுதான் செய்தேன். குரலைக் கேட்கக் கேட்க யாரால் மறக்க முடியும்? நல்ல ஹெட்ஃபோன் ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் கேட்டால் குரல் அறையெங்கும் பரவி அவளுடைய நல்ல காதுக்கும் எட்டிவிடும். பக்கத்து வீட்டில் குறை சொல்கிறார்கள் என்று சொல்லி, எங்கள் தோ பாயோ வீட்டிலிருந்த ஸ்பீக்கர்களைக் கழற்றிக்கொண்டு போனேன். போனில் நேராகக் கேட்டால் குரல் கெட்டுவிடும் என்றேன். தொழில்காரன் சொன்னதை நம்பினாள்.

துணி மடிக்கும்போதும் கேட்பாள், பஸ்ஸிலும் கேட்பாள்.

"எங்கங்க இருக்கான்?"

"உள்ளேதான் இருக்கான். நல்லா கேளு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குழுவை நடத்தும் பெதானி வந்தாள். "ஆன்ட்டி, எய்டன் வாய்ஸ் அவ்ளோ கிளியர் லா. ஒவ்வொரு தடவையும் அழுதுடுவேன்."

ரூபி தலையாட்டினாள். வீடு திரும்பும்போது என்னிடம் சொன்னாள்: "எல்லாருக்கும் தெரியுது. பெத்தவ எனக்கு அடையாளம் தெரியல. பிள்ளையோட குரல மறந்துட்டேன் போல."

எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் அவளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் எய்டன் படத்தின் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறாள்.

வேய்னின் குரல் அப்படியே மகனுக்கு வந்திருந்ததாம். எய்டன் குளிக்கும்போது பாடினால், ரூபி வெங்காயம் அரிவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். நான் பேசும்போது அவள் கை ஒருநாளும் நின்றதில்லை. அது எனக்கு வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

போன வாரம் அவள் அவசரத்தில் ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டாள். முதலில் கிட்டார் மட்டும் வரும், குரல்கள் வரச் சில நொடிகள் ஆகும். அதற்குள் நான் எழுந்து போய் மெதுவாக அதைக் கழற்றி, சரியாக மாட்டிவிட்டேன்.

"திருப்பிப் போட்டிருக்க" என்றேன்.

அவள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆவேங்க" என்றாள்.

பன்னிரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எய்டன் இன்னும் கொஞ்ச நாள் அந்தப் பக்கமே இருக்கட்டும்.