ஆறு வாரப் பூஜ்யம்

— அக்கா, நான் சொல்ல வந்ததை முதல்ல கேளேன்.

— கேக்கறேன், கேக்கறேன். பதினோரு வருஷமா இந்தப் பதிவறையில அதைத்தானே பண்ணிக்கிட்டிருக்கேன். சாப்பாட்டு டப்பாவை அந்தப் பக்கம் தள்ளு, பதிவேட்டுல எண்ணெய் படுது.

— அது இல்லக்கா...

— நேத்து அப்பா கேக்கறார், "சின்னவ ஒரே வரியில அறுபது வருஷ நோய்க்கணக்கை எடுத்துட்டாளாமே, நீ இன்னும் தூசிதான் தட்டறியா"ன்னு. எனக்குச் சோறு இறங்கல.

— ஒரு வரிதான் நான் எழுதினது. அது கூப்பிடறது ஒரு லைப்ரரியை, அதாவது வேற யாரோ எழுதி வச்ச கம்ப்யூட்டர் நிரலை. நோய், ஊர், வருஷம் சொன்னா, பழைய வாராந்திர அறிக்கையை இணையத்துலேருந்து அதுவே எடுத்துக் கொடுத்துடும். சத்தியமா என் சாமர்த்தியம் ஒண்ணுமில்ல.

— அடக்கம் வேறயா, மேதாவி! நான் ஏடு ஏடாப் புரட்டித் தட்டச்சு பண்ணி, கண்ணு பூத்துப் போய், இப்பத்தான் முப்பத்தெட்டாவது வருஷத்துக்கு வந்திருக்கேன். நீ மாலைக் கம்ப்யூட்டர் வகுப்புல ஆறு மாசம் உக்காந்துட்டு வந்தே. இங்க தொடங்கப் போற புதுப் பிரிவுல ஒரே ஒரு நாற்காலி. அது உனக்குத்தான்னு வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

— அந்தக் கூட்டத்தைப் பத்தித்தான்க்கா...

— மூணு மணிக்கு. தெரியும். பெரிய அதிகாரிகிட்ட அந்தக் காலரா வரைபடத்தைக் காட்டப் போற. கோடு விறுவிறுன்னு ஏறி, பொத்துன்னு பூஜ்யத்துல விழுது. ஆறு வாரம் ஒருத்தருக்கும் நோயில்ல, குழாய்த் தண்ணி வந்த மகிமைன்னு எழுதியிருக்க.

— ஆமா. ஏன் சிரிக்கற?

— அந்த ஆறு வாரம் உனக்கு வந்த கணக்குல பூஜ்யம் இருந்துச்சா, காலியா இருந்துச்சா?

— காலியாத்தான் இருந்துச்சு. கோடு நடுவுல அறுந்து போச்சு, பாக்க அசிங்கமா இருந்துச்சுன்னு நான்தான் பூஜ்யம் போட்டேன்.

— இந்தா, மூலப் பதிவேடு. இந்தப் பக்கத்தைப் படி.

— இருநூத்திப் பத்து... அப்புறம் ஒண்ணுமே இல்ல. அதுக்குக் கீழ வேற கையெழுத்து.

— அந்தக் கையெழுத்துல முதல் வரி?

— "முந்தைய எழுத்தர் காலராவால் இறந்தார். ஆறு வாரம் அறிக்கை எழுத ஆளில்லை." ஐயோ!

— நோய் நிக்கலடி. எண்ணினவர்தான் போயிட்டார்.

— உனக்கு இது எப்பத் தெரியும்? போன வாரம் படத்தைக் காட்டினப்ப, "எல்லாம் சரியா இருக்கு"ன்னு சொன்னியே?

— அப்பவே தெரியும். நாலு பேர் முன்னாடி நீ மூக்குடைபடட்டும்னுதான் சொன்னேன். வயித்தெரிச்சல், வேறென்ன. ஆனா காலையிலேருந்து மனசு கேக்கல. தான் ஆடாட்டியும் தன் சதை ஆடுமே. மணி ஒண்ணுதான் ஆகுது, போய் மாத்திடு.

— அக்கா, உள்ள வந்ததுலேருந்து அதைத்தான் சொல்ல வரேன். கூட்டத்தைப் பத்து மணிக்கே வச்சு முடிச்சுட்டாங்க. படம் மேலிடத்துக்குப் போயிடுச்சு.

— சரி, விடு. உன் நாற்காலிக்கு ஒண்ணும் ஆகாது. நான் யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்.

— நாற்காலி உனக்குத்தான்னு கூட்டத்துலேயே சொல்லிட்டாங்கக்கா. "மூலப் பதிவேட்டோட வாரவாரமா ஒப்பிட்டுச் சரிபார்த்தது"ன்னு, படத்துக்குக் கீழ உன் பேரைத்தான் போட்டுக் கொடுத்தேன்.