தங்கசாமி அண்ணாச்சி வீட்டு மணி

பூனை என்றால் எனக்குக் கொள்ளைப் பிரியம். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, மற்றதற்குப் பிறகு வருவோம்.

லேபர் கேம்பில் எங்களுக்கு ஒரே ரூம். நான், வீட்டுக்காரர், நான்கு பிள்ளைகள். மில் ஸ்டிரைக்கில் வேலை போனதிலிருந்து அவரும் பகலெல்லாம் வீட்டில்தான். அடுத்த வீட்டில் இரண்டு ரூம். குடியிருப்பது தங்கசாமி அண்ணாச்சியும் அவருடைய வெள்ளைப் பூனையும். ஒண்டிக்கட்டை, நெஞ்சுவலிக்காரர். என் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்காமல் படியேற மாட்டார். அவர் காலத்துக்குப் பிறகு நடுச்சுவரை இடித்து நாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று கட்டடத்து முதலாளி சொல்லியிருந்தார். அண்ணாச்சி திடமாகத்தான் இருந்தார்.

திருட்டுப் பயத்தில் அவர் கதவுக்கு உட்புறம், மிதியடிக்கு அடியில் தகடு வைத்து மணி கட்டினார். வெளியே போகும்போதும் படுக்கும்போதும் சுவிட்சைப் போட்டுவைப்பார். மிதித்தால் கட்டடமே அதிரும். முதல் வாரமே பூனை மிதித்தது. ஆண்கள் தடியோடு ஓடிவந்து அசடு வழிந்தார்கள். மாற்றுச்சாவி என்னிடம் இருந்ததால், இனி நானே போய்ப் பார்த்து, படிக்கட்டுக்கு அடியில் அந்த மணியின் ப்யூஸைப் பிடுங்கிவிட்டு, "பூனைதான்" என்று குரல் கொடுப்பதாக முடிவானது.

கொஞ்ச நாளில் பூனைக்குப் புத்தி வந்து மிதியடியைத் தாண்டிக் குதிக்கப் பழகிவிட்டது. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஜன்னல் வழியே மிதியடிமேல் கருவாட்டுத் துண்டு போட ஆரம்பித்தேன். நாலு பேர் ஒன்றை நம்பிப் பழகிவிட்டால் அதைக் கெடுப்பானேன்?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கட்டடமே ராமாயணம் பார்க்க கிட்டு வீட்டு டிவி முன்னால் இருந்தது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"யக்கா, ஒங்க பூனைய அடக்குங்க. இங்க வில்லு ஒடியப் போவுது" என்றான் கிட்டு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தேன்.

பூனை என் வீட்டு வாசலில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். அண்ணாச்சி கட்டிலிலிருந்து தவழ்ந்து வந்து மிதியடிமேல் விழுந்து கிடந்தார். கதவுப் பூட்டு வரை கை எட்டவில்லை.

"தாயீ, கதவத் தொற. நெஞ்சு அடைக்கி."

சாவி என் இடுப்பில்தான் இருந்தது. டாக்ஸி பிடித்தால் சயான் ஆஸ்பத்திரி பக்கம். எல்லாம் தெரியும் ஐயா. ப்யூஸைப் பிடுங்கினேன். கிட்டு வீட்டுக்குப் போய் "பூனைதான்" என்று சொல்லி என் இடத்தில் உட்கார்ந்தேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூப்பிட்டவருக்குப் பதில்கூடச் சொல்லாமல் போனாயா என்று கேட்டீர்கள். அப்படிப்பட்டவள் இல்லை நான். ஜன்னலருகே குனிந்து, "இந்தா வாரேன் அண்ணாச்சி, அசையாமக் கெடங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் முகம் உடனே தெளிந்துவிட்டது. கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்.

மனிதர் பயந்து சாகவில்லை ஐயா. அந்த மட்டும் நான் பார்த்துக்கொண்டேன்.