ஸ்டெல்லா காலியாக விட்ட இடம்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகக் குழுத் தலைவர் பாண்டுரங்கன் ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, நடவு வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் தாய்மார்களே, கோட்டைப் பாறையின் அனல் பந்தலுக்குள் இறங்கியும் எழுந்து போகாத செஞ்சி மக்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் மேடை ஏறிப் பழகியவன் இல்லை; மின்கம்பம் ஏறிப் பழகியவன். கவிஞராக, மொழிபெயர்ப்பாளராக, ஆய்வாளராக வாழ்ந்த என் மனைவி ஸ்டெல்லா, போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் காலமானாள். அவளுடைய தாள்களை இன்று இந்த நூலகத்தின் காப்பகத்தில் ஒப்படைக்கிறேன்.

அவள் எப்படி எழுதினாள்? பிரெஞ்சுக் கவிதையைத் தமிழாக்கும்போது, தகுந்த சொல் வரவில்லை என்றால் வேறொன்றைப் போட்டு அடைக்கமாட்டாள். இடம் விடுவாள். மேல்மலையனூர் பஸ்ஸில் கேட்பாள், சந்தையில் கேட்பாள், சர்ச் வாசலில் கேட்பாள். சொல் கிடைத்ததும் எழுதி, தந்தவர் பெயரை ஓரத்தில் குறிப்பாள்.

மழை நின்ற பிறகும் மரம் சொட்டுவதை எப்படிச் சொல்வது? அனந்தபுரம் சந்தையில் சின்னப்பொண்ணு அக்காவைக் கேட்டாள்.

"இன்னாம்மா, காய் வாங்க வந்தியா, வார்த்தை வாங்க வந்தியா?"

"ரெண்டும்தான்க்கா."

"மரம் மழைய நெனைச்சிக்கினு இருக்குதுன்னு எழுதிக்கோ. கத்திரிக்கா எவ்ளோ போட?"

அதோ, மூன்றாம் வரிசையில் சிரிக்கிறாரே, அவர்தான். என்ன அக்கா? கொசுறு போட்டதையும் எழுதினாளா என்றா கேட்கிறீர்கள்? எழுதியிருக்கிறாள்.

அவளுடைய கடைசிக் கவிதையில் ஓரிடம் காலியாக இருக்கிறது. ஒருவன் வீடு திரும்புகிறான், உள்ளே யாருமில்லை, அந்த வீடு எப்படி இருக்கிறது என்று சொல்லும் இடம். இவற்றைப் புத்தகமாக அச்சிடப்போகும் தலைவர் ஐயா அன்போடு சொன்னார்: "தம்பி, தமிழ் வாத்தியாரக் கேட்டு ஒரு வார்த்தை போட்டுடலாம். புக்குக்கு அழகா இருக்கும்."

அழகாக இருக்கும், ஐயா. ஆனால் அந்த ஓரத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. என் பெயர்.

"சேசு, ஆளில்லாத வீட்டுக்குள்ள வந்தா எப்டி இருக்கும்?" என்று கேட்டாள்.

"எனக்கு எப்டித் தெரியும்? நீதான் வீட்ல இருக்கியே" என்றேன்.

சிரித்தாள். பெயரை மட்டும் எழுதி வைத்தாள்.

இப்போது தெரியும். தினமும் சாயங்காலம் கதவைத் திறக்கிறேன், தெரிகிறது. சொல்தான் வரவில்லை. அது வரும்வரை அந்த இடத்தை யாரும் நிரப்ப வேண்டாம். அச்சிலும் காலியாகவே இருக்கட்டும். இது ஒன்றுதான் நான் கேட்பது.

தலைவர் ஐயா தலையசைக்கிறார். அவருக்கு நன்றி. பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி. வீட்டில் உங்களுக்காக விளக்குப் போட்டுவைத்துக் காத்திருப்பவர்களிடம், என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.