முடிவு அபாரம்

— அக்கா, நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணு. என் நாவலைப் படிச்சீங்களா, இல்லையா?

— காபியைக் குடிக்க விடு வாத்தியாரே. காலையில ஆலையில மைக் முன்னாடி உக்காந்து, சுருட்டு உருட்டுறவங்களுக்குப் பத்திரிகையை முதல் பக்கத்துலேர்ந்து வானிலை வரைக்கும் வாசிச்சு முடிச்சு, இப்பதான் மேடையை விட்டு இறங்குனேன். தொண்டை வறண்டு கெடக்கு.

— குடிங்க. குடிச்சுக்கிட்டே தலையை ஆட்டுனாலும் எனக்குப் போதும்.

— இந்தா, ஆட்டியாச்சு.

— இது ஆமாவா, இல்லையா?

— கோப்பையில ஈ உக்காந்துச்சு, ஓட்டுனேன்.

— எமெலினா அக்கா, எனக்கு உயிர் போகுது, உங்களுக்கு விளையாட்டா இருக்கு. சனிக்கிழமை கலாச்சார மன்றத்துல வெளியீடு. அன்னிக்கே மயாமியில இருக்கிற என் தங்கச்சி அதை இணையத்துல ஏத்துறா. நியாயமாப் பாத்தா, பதிப்பகம்னு ஒண்ணு இருந்தா இந்த லோல் எல்லாம் அவங்க படுவாங்க. எனக்கு யாரு இருக்கா? எழுதுறதும் நானே, அட்டை வரையறதும் நானே, வீடு வீடாப் போயி 'சும்மா தர்றேன், படிச்சிட்டு மனசுல பட்டதை நாலு வரி எழுதுங்க'ன்னு கெஞ்சுறதும் நானே.

— பேஸ்புக்குல போட்டிருந்தியே, பாத்தேன். 'தன்னார்வ வாசகர்கள் தேவை. சம்பளம் இல்லை. நேர்மை கட்டாயம்.' ரத்ததான முகாம் விளம்பரம் மாதிரி இருந்துச்சு.

— கை தூக்கினவங்க ஒரு டஜன் பேரு. எழுதிக் குடுத்தவங்க மூணே பேரு. பாக்கி அத்தனை பேரும் என்னைக் கண்டா எதிர்ப்பக்கத் தெருவுக்குத் தாவுறாங்க.

— பூகோள வாத்தியாரைக் கண்டா ஊரே தாவத்தான் செய்யும். நடுத்தெருவுல நிக்க வெச்சு, பெருவுக்குத் தலைநகரம் என்னன்னு கேப்ப.

— நீங்களும் தாவுறீங்களே அக்கா, அதுதான் எனக்கு ஆறல. இந்த ரெமேடியோஸ் ஊர்ல வாசிக்கிறதையே உத்தியோகமா வெச்சிருக்கிறவங்க நீங்க ஒருத்தர்தான். சுருட்டு உருட்டுற கை ஒண்ணு விடாம உங்க குரலுக்குத்தான் ஆடுது. உங்க நாலு வரி பின்னட்டையில வந்தா அது போதும் எனக்கு. வராட்டி, எவேலியோன்னு ஒரு வாத்தியாரு பொழுதுபோகாம கிறுக்கினான்னு ஆயிடும்.

— யாரு அந்த மூணு பேரு?

— மருந்துக்கடை லியோகாடியா, தபால் ஆபீஸ் ரமிரோ, எங்க தலைமை ஆசிரியர். போன்ல வெச்சிருக்கேன், வாசிக்கட்டுமா?

— வாசி. ஒரு நாளாவது எனக்கு யாராவது வாசிக்கட்டும்.

— லியோகாடியா எழுதியிருக்காங்க: 'ஒரே மூச்சில் படித்து முடித்தேன். முடிவு அபாரம்.'

— முடிவா?

— ரமிரோ: 'கொலைகாரர் யாரென்று கடைசிப் பக்கம் வரை ஊகிக்கவே முடியவில்லை.'

— கடைசிப் பக்கமா?

— தலைமை ஆசிரியர்: 'இறுதி அத்தியாயத்தில் கண்கலங்கினேன். மாணவச் செல்வங்களும் படிக்க வேண்டிய நூல்.' ஏன் அக்கா, காபியைக் கீழ வெச்சிட்டீங்க?

— ஒண்ணுமில்ல. அப்ப அவங்களுக்கெல்லாம் முழுசாக் குடுத்திருக்க.

— என்னது?

— மருந்துக்கடைக்காரிக்கு முழு நாவல், எனக்குக் குறைப்பிரதி. அப்படித்தானே? கேளு வாத்தியாரே, என் மேல நம்பிக்கை இல்லாட்டி நீ எங்கிட்டக் கேட்டிருக்கவே கூடாது. பார்க் பெஞ்சுல உக்காந்து போன்ல இறக்குனப்போ சிக்னல் பாதியில அறுந்து, வால் மட்டும் வந்து சேரலைன்னு நானா நெனச்சுக்கிட்டேன். திரும்பத் திரும்பப் போயி இறக்கிப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த இன்ஸ்பெக்டர் பெர்மின், 'கொலைகாரர் இந்த அறையில்தான் இருக்கிறார்'னு சொல்லிக் காபிக் கோப்பையைக் கீழ வெக்கிறாரு. அதுக்கப்புறம் வெறும் வெள்ளைத் தாளு. பார்க்குல உக்காந்து அழாத குறை.

— அக்கா, அப்ப நீங்க கோப்பை வரைக்கும் படிச்சிருக்கீங்க.

— படிக்காம? வேற எதுக்குக் கை தூக்குனேன்?

— கொஞ்சம் இருங்க, எனக்கு ஒரு மாதிரி வருது. நீங்க ஒருத்தர்தான் படிச்சிருக்கீங்க. ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்.

— இப்பதானே மூணு பேரை வாசிச்சுக் காட்டுன.

— கடைசி அத்தியாயத்தை நான் யாருக்குமே குடுக்கல அக்கா. எல்லாப் பிரதியும் அந்தக் காபிக் கோப்பையோடதான் நிக்குது.

— யாருக்குமேவா?

— யாருக்குமே.

— அப்ப மருந்துக்கடைக்காரிக்கு எது அபாரமா இருந்துச்சு?

— அதைத்தான் நானும் மண்டையைப் போட்டு ஒடைச்சுக்கிட்டிருக்கேன். தலைமை ஆசிரியர் எதைப் பாத்துக் கண்கலங்கினாருன்னும் தெரியல.

— ஐயோ, என்னால முடியல, வயிறு வலிக்குது. வெள்ளைத் தாளைப் பாத்து அழுதிருக்காரு மனுசன். பக்கத்துல அவரு பொண்டாட்டி வெங்காயம் உரிச்சிருப்பா.

— சிரிங்க, நல்லாச் சிரிங்க. மூணு விமர்சனம், மூணும் பொய். அதை நான் அட்டையில வேற போடணும்.

— சரி சரி, கோவிச்சுக்காத. எதுக்கு அந்த அத்தியாயத்தை மட்டும் ஒளிச்சு வெச்ச?

— அதாவது... ரகசியம் அக்கா. துப்பறியும் கதைக்கு முடிவுதானே உசுரு. அது வெளிய போயிடுச்சுன்னா சனிக்கிழமை எவன் வருவான்? அதனாலதான் எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினேன், பிரதியை வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு. நீங்க யாருக்கும் குடுக்கலையே?

— யாருக்கும் குடுக்கல.

— அதைச் சொல்றதுக்கு எதுக்குக் கூரையைப் பாக்கிறீங்க?

— புறா.

— அங்க புறாவைக் காணோமே.

— பறந்து போச்சு.

— எமெலினா, என் தங்கமே, இங்கதான் இருக்கியா? உள்ள எல்லாரும்... அட, இது எவேலியோ வாத்தியாரு இல்ல? கையைக் குடு தம்பி. புகையிலைக் கறை ஒட்டிக்கும், கழுவிக்கலாம். என்ன கதைப்பா அது. சும்மா சொல்லக்கூடாது, என்ன கதை.

— காச்சா, உள்ள உன்னை மேஸ்திரி கூப்பிட்டாரு.

— மேஸ்திரி சாப்பிடப் போயிட்டாரு. தம்பி, நான் காச்சா. முதல் வரிசையில முதல் பலகை என்னுது. அந்த ரயில் கார்டு அபுண்டியோ சலூன் நாற்காலியில முகத்துல சோப்பு நுரையோட செத்துக் கெடக்கிறானே, அந்த எடத்துல நான் உருட்டிக்கிட்டிருந்த சுருட்டு முருங்கைக்காய் மாதிரி கோணிப் போச்சு. மேஸ்திரி திட்டுனாரு. திட்டிட்டு, 'அப்புறம் என்னாச்சு'ன்னு அவரே கேட்டாரு.

— அம்மா, ஒரு நிமிஷம். என் கதையை நீங்க எங்க படிச்சீங்க?

— படிக்கிறதா? எனக்குக் கண்ணாடி ஒடைஞ்சு வருஷக்கணக்காச்சு. நாங்க கேட்டோம். கூடம் மொத்தமும் கேட்டுச்சு. தெனம் மத்தியானம், எமெலினா வாயால.

— அக்கா. யாருக்கும் குடுக்கலைன்னு சொன்னீங்களே.

— குடுக்கல. வாசிச்சேன். நீ வாசகர் வேணும்னு போட்ட. நான் இருபது வருஷமா இந்த மேடையில உக்காந்து செய்யிற வேலையே அதுதான். தனியா வீட்டுல உக்காந்து மனசுக்குள்ள படிக்கிற பழக்கம் எனக்கு விட்டுப் போச்சு வாத்தியாரே. எதுத்தாப்பல நூறு காது இல்லாட்டி எனக்கு எழுத்து ஏற மாட்டேங்குது. அதுவும் நானா திணிக்கல. மூணு கதை சொன்னேன், ஓட்டுப் போட்டாங்க, உன்னுது ஜெயிச்சுது.

— ஓட்டா? எனக்கா?

— சான் சல்வதோர் பேட்டைக்காரங்க மட்டும் முதல்ல மொனகுனாங்க தம்பி. நீ கார்மென் பேட்டையாமே. டிசம்பர்த் திருவிழாப் போட்டியில எங்களைப் பாத்து வாணம் விடுறவன் கதையை நாங்க ஏன் கேக்கணும்னாங்க. ரெண்டாவது நாளே முதல்ல வந்து உக்காந்தது அவங்கதான்.

— சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன், மறைக்காமச் சொல்லுங்க. பிடிச்சுப் போயி, இலை வெட்டுற கத்தியைப் பலகையில தட்டுனாங்களா? இல்ல, பிடிக்காமக் கத்தியைத் தரையில போட்டாங்களா?

— தரையிலயா? உன் நாவலுக்கா? அந்த முட்டைக்காரி பாதிரியாரைக் கேள்வி கேக்கிற எடத்துல நாங்க தட்டுன தட்டுல ரோட்டுல போன குதிரை மெரண்டு ஓடுச்சு. அதுக்கே அப்படின்னா, கடைசி நாளு கேக்கவே வேண்டாம்.

— கடைசி நாளா?

— காச்சா, போதும், வாயை மூடு.

— நான் ஏன் மூடணும்? நல்ல விஷயம்தானே சொல்றேன். கடைசி நாளு கரண்ட் வேற போச்சு தம்பி. மைக் இல்ல. இவ எழுந்து நின்னு தொண்டையாலயே வாசிக்கிறா. இன்ஸ்பெக்டரு கோப்பையைக் கீழ வெச்சாரா, கூடத்துல ஒரு கத்தி அசையல. இவ ஒரு முழுங்கு முழுங்குனா. அப்புறம் ஆரம்பிச்சா பாரு. கொலைகாரன் எழுந்து நிக்கிறான், எதுக்குக் கொன்னான், யாருக்காகக் கொன்னான், எல்லாம் ஒண்ணொண்ணா அவுந்து வருது. எனக்கு அழுகை தாங்கல. நான்தான் முதல்ல தட்டுனேன். அப்புறம் கூடம் முழுக்க ஒரே சத்தம். ஆனா ஒண்ணு, நான்தான் முதல் வரிசையாச்சே, எனக்குத் தெரிஞ்சுது.

— என்ன தெரிஞ்சுது?

— இவ கையில இருந்த போனு எப்பவோ செத்துப் போச்சு. கறுப்பா இருக்கு. இவ பாட்டுக்கு விரலால தள்ளித் தள்ளி வாசிச்சுக்கிட்டே இருக்கா.

— காச்சா, நீ யார்கிட்டயும் சொல்லலையே?

— நான் எதுக்குச் சொல்றேன்? மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கான்னு நெனச்சேன். சனிக்கிழமை நாங்க எல்லாரும் வர்றோம் தம்பி, கத்தியும் கையுமா. அந்தக் கடைசி அத்தியாயத்தை எமெலினா இன்னொரு தடவை வாசிக்கணும். ஒரு வார்த்தை மாறக் கூடாது, ஆமா. நான் போறேன், என் சாப்பாட்டை எவளாவது தின்னுடுவா.

— போயிட்டாங்க அக்கா.

— தெரியுது.

— நீங்க எதாவது சொல்லப் போறீங்களா?

— என்னத்தைச் சொல்ல? ஒரு கூடம் நெறைய சனம், எல்லார் கையிலயும் கத்தி. 'மன்னிச்சுக்கங்க, வாத்தியாரு பாக்கியைத் தரல'ன்னா நான் வீடு போய்ச் சேர்ந்திருப்பேனா? வாய்க்கு வந்ததை வாசிச்சேன். உன் பிள்ளைக்கு நானா ஒரு தலையை ஒட்ட வெச்சுட்டேன் வாத்தியாரே, தப்புதான். அதனாலதான் உன்னைக் கண்டா ஓடுனேன். நாலு வரி எழுத உக்காந்தா, எந்த முடிவைப் பத்தி எழுதுறதுன்னு தெரியல.

— யாரைக் கொலைகாரன் ஆக்குனீங்க?

— அது எதுக்கு இப்ப? நீ சொல்லு, உன் கதையில யாரு?

— முதல்ல நீங்க சொல்லுங்க.

— நான் சொல்ல மாட்டேன். உன்னுது வேறயா இருந்து, என்னுது மட்டமா இருந்தா எனக்கு வெக்கம்.

— மட்டமா இருந்தா குதிரை மெரளுமா?

— குதிரை மெரண்டது முட்டைக்காரிக்கு. அது நீ எழுதினது. கேளு, நான் முடிவு பண்ணிட்டேன். சனிக்கிழமை உன் முடிவை நானே வாசிக்கிறேன். முன்ன வாசிச்சது என் சொந்தச் சரக்குன்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிறேன். அத்தனை கத்தியும் தரையில விழுந்தாலும் விழட்டும், பழி எனக்கு. எழுதினவன் சொன்னதுதான் முடிவு.

— அப்படியெல்லாம் செய்யாதீங்க அக்கா.

— செய்வேன். உன் அத்தியாயத்தை இன்னிக்கே கொண்டா.

— அதாவது... விதவையா?

— என்ன விதவையா?

— நீங்க சொன்ன ஆளு. அபுண்டியோ பொண்டாட்டியா?

— இல்ல.

— சலூன்காரனா? பாதிரியாரா? பாதிரியாரா இருக்க முடியாதே, அவரு அன்னிக்குச் சான்டா கிளாராவுலல்ல இருந்தாரு. அதை எப்படிச் சமாளிச்சீங்க?

— ஏன் இப்படி வேர்க்குது உனக்கு? உன் முடிவு உன்கிட்ட பத்திரமா இருக்கு. என்னுதைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போற?

— சங்கு ஊதுது அக்கா.

— ஊதட்டும். பதில் சொல்லிட்டுப் போ.

— சங்கு ஊதினா உங்களைத் தேடுவாங்க.

— தேடட்டும். எவேலியோ, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. அந்தக் கடைசி அத்தியாயத்தை எங்க ஒளிச்சு வெச்சிருக்க?

— ஒளிக்க என்ன இருக்கு அக்கா? ரெண்டு வருஷமா அந்த இன்ஸ்பெக்டர் கோப்பையைக் கீழ வெச்சபடியே நிக்கிறாரு, நானும் அவரு மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். பேனா இருக்கு, இந்தா தாளும் இருக்கு. மெதுவாச் சொல்லுங்க, யாரு கொன்னது?