வீட்டுக்குப் பின்னால் போகும் சரக்கு ரயில்

— எழுதிக்கோ மாலின், கண்ணு தெரியாதவங்களுக்குன்னு நீங்க செஞ்ச இந்தத் தொடுபலகை பொய் சொல்லுது.

— எந்த இடத்துல, சொல்வெய்க்? விரலுக்குத் தட்டுப்படுற மாதிரி ஊசி சரியா எழும்பலையா?

— ஊசியெல்லாம் நல்லாத்தான் எழும்புது. எங்க தெருவைக் காட்டச் சொன்னேன்ல? வீடு இருக்கு, முன்னாடி ரோடு இருக்கு. பின்பக்கம் என்னமோ ஒரு கோடு, அதுமேல புள்ளி. தொட்டா ‘ட்ராம் நிறுத்தம்’னு பேசுது.

— பேசணுமே.

— அட போம்மா! அங்க ஏது ட்ராம்? ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் லாரி பறக்குற ரோடு. அதனாலதானே என் வீட்டுக்காரர் லெனார்ட் இல்லாம நான் வாசல் தாண்டுறதில்ல.

— ட்ராம் இல்லைன்னு யார் சொன்னா?

— லெனார்ட்தான். எனக்குப் பார்வை போனப்புறம்தான் அங்க குடிபோனோம். வீட்டுக்கு யாரும் வர்றதில்ல. போனைக்கூட அவர்தான் பார்த்துச் சொல்வார்.

— ஒரு நிமிஷம். பின்பக்கம் சத்தம் எதுவும் கேக்காதா? இரும்பு உரசுற மாதிரி?

— கேக்கும். சரக்கு ரயில்னு அவர் சொல்வார்.

— அடிக்கடியா?

— ஒரு காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தடவை போகும். ஏன் கேக்குற?

— நான் தினம் அந்த ட்ராம்லதான் இங்க வேலைக்கு வர்றேன். நிறுத்தத்துக்கு எதுத்தாப்ல ஒரு மஞ்சள் வீடு. சமையலறை ஜன்னல்ல ஜெரேனியம் பூத்தொட்டி, ஒரு ஓரம் உடைஞ்சது.

— உடைச்சது நான்தான்.

— சொல்வெய்க்...

— பாட்டுக் குழுவை விட்டேன், மாலின். ‘தினம் கூட்டிட்டுப் போக முடியுமா, தங்கம்?’னார். என் தங்கச்சி சாகக் கிடந்தப்போ அவருக்குக் காய்ச்சல். போக வழியில்லைன்னு கட்டில்லயே உக்காந்து அழுதேன். அப்பவும் பின்னாடி அந்தச் சத்தம் கேட்டுச்சு.

— நான் அவர்கிட்ட பேசட்டுமா?

— வேண்டாம். அந்தப் புள்ளியில இருந்து எங்க வாசலுக்கு வழியை இன்னொரு தடவை எழுப்பு. குறுக்க ரோடு வருதா?

— வரல. நடைபாதை மட்டும்தான். கைப்பிடிக் கம்பிகூட இருக்கு.

— பாவி மனுஷன், கம்பிகூடவா!

— தங்கம், முடிஞ்சுதா? கோட்டு கொண்டாந்திருக்கேன், வெளியில ஊதக்காத்து. கார் கீழ நிக்குது. எப்படி இருக்கு இவங்க மெஷின்? தப்பு ஏதாவது கண்டுபிடிச்சியா?

— ஒண்ணுகூட இல்ல, லெனார்ட். கோட்டைக் குடு. நீ கார்ல போ, நான் சரக்கு ரயில்ல வர்றேன்.